திண்ணையும் ஏடும்: சங்கரன்கோவில் வட்டாரத்தில் பள்ளிக்கு வெளியே கல்வி

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை சங்கரன்கோவில் வட்டாரத்தில் பள்ளிக்கூடம் என்பது பெரும்பாலும் ஒரு வீட்டுத் திண்ணைதான். ஊரில் வசதியுள்ள ஒருவர் தம் திண்ணையை விட்டுக்கொடுப்பார். இல்லையென்றால் கோயில் மண்டபம், சத்திரத்துத் தாழ்வாரம், அதுவும் இல்லாத ஊரில் மரத்தடி. பாடம் சொல்பவரைத் திருநெல்வேலிச் சீமையில் அண்ணாவி என்றார்கள். அவருக்கு அரசுச் சம்பளம் கிடையாது, மேலதிகாரி கிடையாது, இதை இப்படிச் சொல்லிக்கொடு என்று எழுதிக் கொடுத்தவரும் கிடையாது. பிள்ளைகளின் வீடுகளிலிருந்து வரும் நெல்லும் எண்ணெயும் காய்கறியும், அமாவாசை பௌர்ணமி விடுமுறையை ஒட்டிக் கைக்கு வரும் வாவுக்காசும், விஜயதசமிக்குக் கிடைக்கும் வேட்டியும்தான் வரும்படி. மழை பொய்த்த ஆண்டில் அண்ணாவியின் அடுப்பும் அணைந்தே கிடக்கும். கரிசல் காட்டில் அப்படிப்பட்ட ஆண்டுகள் குறைவல்ல.

சங்கரநாராயணர் கோயிலைச் சுற்றி வளர்ந்த இவ்வூர், 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகும்வரை திருநெல்வேலியைச் சேர்ந்தே இருந்தது. அதனால் பழைய ஆவணங்களில் இதன் கல்விக் கதை திருநெல்வேலி என்ற பெயருக்குள்தான் கிடக்கிறது.

திண்ணைப் பள்ளிக்கூடத்தின் நாள் விடியுமுன்பே தொடங்கும். முதலில் வந்த பையனுக்கு மரியாதை, பிந்தி வந்தவனுக்கு அடி. 1823இல் பெல்லாரிக் கலெக்டர் கேம்பல், அன்றைய சென்னை மாகாணத்துத் திண்ணைகளில் தாம் அறிந்த வழக்கத்தை எழுதி வைத்திருக்கிறார். முதலில் வந்தவன் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும். இரண்டாவது வந்தவன் கையில் ஒரு சுழி: புகழ்ச்சியும் இல்லை, இகழ்ச்சியும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்ல ஓரடி, நான்காமவனுக்கு இரண்டு என்று ஏறிக்கொண்டே போகும். தண்டனைகளில் பேர்போனது கோதண்டம். உத்தரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு பையன் தொங்க வேண்டும், கால் தரையில் படக்கூடாது. திண்ணைக் கல்வியைப் பொற்காலமாகப் பாடுகிறவர்கள் இந்தக் கயிற்றை எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

அண்ணாவி ஒருவர், பிள்ளைகள் முப்பது நாற்பது, எல்லாரும் வெவ்வேறு படியில். ஒருவன் மணலில் 'அ' எழுதிக்கொண்டிருப்பான், இன்னொருவன் நிகண்டு ஒப்பிப்பான். இதைச் சமாளிக்கத்தான் சட்டாம்பிள்ளை. கொஞ்சம் படித்த பெரிய பையன் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான், முறை கேட்பான், அண்ணாவி இல்லாத வேளையில் அவனே அண்ணாவி. அதிகாரம் கையில் வந்த சட்டாம்பிள்ளைகள் முறுக்குக்கும் கடலைக்கும் ஆசைப்பட்டு நியாயம் தவறியதுண்டு என்று அக்காலத்தில் படித்தவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

எழுதுபொருள்கள் எல்லாம் ஊருக்குள்ளேயே கிடைத்தவை. முதலில் தரையில் பரப்பிய மணல், எழுதும் கருவி பிள்ளையின் விரல். கை பழகியதும் பனையோலை. பனைக்குப் பஞ்சமில்லாத சீமை இது. ஓலையை வாரி, நறுக்கி, துளையிட்டு, கயிறு கோத்தால் சுவடி. எழுத்தாணியால் கீறிய எழுத்து ஓலை நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. மஞ்சள், வசம்பு, கரி இவற்றோடு பச்சிலைச் சாறு சேர்த்துப் பூசித் துடைத்தால் கீறலில் மை தங்கி எழுத்து எழும்பி நிற்கும். இதற்கு மையாடல் என்று பெயர். புதுச்சுவடி தொடங்கும் நாளில் அதையே ஒரு சிறு விழாவாகச் செய்தார்கள்.

ஏட்டு எழுத்தில் இன்னொரு சங்கதி உண்டு. ஓலை கிழியும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. காலும் ரகரமும் ஒரே கோடு. சொற்களுக்கு நடுவே இடைவெளியும் கிடையாது. ஆக, எழுத்தறிந்தவன்கூட ஓர் ஏட்டைத் தானாக எடுத்துப் புரட்டிப் படித்துவிட முடியாது. யாராவது முன்பே வாயால் சொல்லியிருந்தால்தான் கண்ணுக்குச் சொல் பிரியும். திண்ணைப் பள்ளியில் மனப்பாடம் அவ்வளவு கெட்டியாக இருந்ததற்கு அண்ணாவியின் பிரம்பை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. ஏடு என்ற பொருளே ஒரு குரலைத் துணைக்குக் கேட்டது.

பாடங்களில் முதலிடம் கணக்குக்குத்தான். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாத்து என்று வரிசையாகப் போகும். நெல்லிலக்கம் என்பது படியளவின் கணக்கு: இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். பின்னங்களுக்குத் தனிப்பெயரும் தனிக்குறியும் உண்டு. முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு, காணி 80இல் ஒன்று, மா 20இல் ஒன்று, வீசம் 16இல் ஒன்று. முந்திரிக்குள்ளும் முந்திரி போகும் கீழ்வாயிலக்கத்தில் கீழ்முந்திரி என்பது 1,02,400இல் ஒரு பங்கு. பத்து வயதுப் பையனிடம் முக்காலை முக்காலால் பெருக்கச் சொன்னால் தாளும் பேனாவும் இல்லாமல் 'அரையே வீசம்' என்று வாய் சொல்லும். பதினாறில் ஒன்பது பங்கு, சரியான விடை. குழிமாத்து நிலத்தின் நீள அகலத்தைக் குழியாக மாற்றும் வாய்பாடு. களத்துமேட்டில் நெல் அளக்கவும், கடையில் வட்டி போடவும், கணக்கப்பிள்ளை வேலைக்குப் போகவும் வேண்டியது அத்தனையும் இதற்குள் அடக்கம். தமிழ்நாட்டுத் திண்ணைக் கணக்கை விரிவாக ஆராய்ந்த செந்தில் பாபு, இந்த மனப்பாடத்தை வெறும் கிளிப்பிள்ளைப் பாடமாகத் தள்ளிவிடக் கூடாது என்கிறார். நினைவில் வைத்து வேலை செய்யும் ஒரு கற்றல் முறை அது என்பது அவர் வாதம். ஊர்க் கணக்கர்களும் வியாபாரிகளும் அதைக் கொண்டே தொழில் நடத்தினார்கள் என்பதைப் பார்த்தால் வாதம் நிற்கிறது.

எழுத்தும் கணக்கும் கை வந்தபின் நீதிநூல்கள். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி என்னும் ஔவையார் நூல்களோடு மாகாணம் முழுவதும் திண்ணைகளில் ஓதப்பட்ட இன்னொன்று நறுந்தொகை. வெற்றிவேற்கை என்ற பெயரே பிள்ளைகள் வாயில் புழங்கியது. இதைச் செய்த அதிவீரராம பாண்டியன், 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்காசியிலிருந்து ஆண்ட பாண்டியர் மரபினன், நைடதம் பாடியவன். அவன் உறவினனும் புலவனுமான வரதுங்கராம பாண்டியனுக்கு இருப்பிடம் சங்கரன்கோவிலுக்கு வடக்கே உள்ள கரிவலம்வந்தநல்லூர். பேரரசு போய்ச் சிறு நாடாகச் சுருங்கிவிட்ட பாண்டியர் கடைசியில் நாட்டுக்கு விட்டுச்சென்றவற்றுள் சிறு பிள்ளைகளுக்கான ஒரு பாடநூலும் இருக்கிறது. அவர்களின் கோட்டைகளைவிட அது நீண்ட நாள் நின்றது.

கரிவலம்வந்தநல்லூருக்குக் கல்வி வரலாற்றில் இன்னொரு இடமும் உண்டு, அது வருத்தமான இடம். வரதுங்கராம பாண்டியன் தொகுத்த ஏட்டுச்சுவடிகள் அவ்வூர்க் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டு உ.வே.சாமிநாதையர் தேடிப் போனார். கோயில் அலுவலர் சொன்ன செய்தியை அவர் 'என் சரித்திர'த்தில் எழுதியிருக்கிறார். குப்பையாகக் கிடந்த பழைய ஏடுகளைச் சாத்திரப்படி நெய்யில் தோய்த்து ஓம குண்டத்தில் இட்டுவிட்டார்களாம். ஓலை முந்நூறு ஆண்டு தாங்கும் என்றாலும் படியெடுத்துக்கொண்டே இருந்தால்தான் நூல் தாங்கும். படியெடுக்கும் வேலை திண்ணைப் பள்ளிக்கூடங்களில் அன்றாடப் பயிற்சியாக இருந்தவரை ஆத்திசூடியும் எண்சுவடியும் ஆயிரம் கைகளில் பிழைத்தன. அரண்மனைச் சுவடிகள் ஒற்றைப் படியாக நின்று நெருப்புக்குப் போயின.

இந்தப் பள்ளிகள் எத்தனை என்று முதன்முதலில் எண்ணியவர் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ. 1822இல் அவர் கேட்ட கணக்குக்கு மாவட்டக் கலெக்டர்கள் பதில் அனுப்பினார்கள். மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று 1826இல் தொகை கிடைத்தது. திருநெல்வேலி அனுப்பிய கணக்கில் 607 பள்ளிகள், படித்தவர்கள் ஒன்பதாயிரத்துச் சொச்சம். அதில் பெண் பிள்ளைகள் நூற்றுச் சொச்சம்தான். ஆனால் மன்றோவின் கணக்கில் வியப்பூட்டும் செய்தி வேறிடத்தில் இருக்கிறது. சென்னைப் பட்டணத்தில் பள்ளியில் படித்தவர்கள் 5,699 பேர், வீட்டிலேயே படித்தவர்கள் 26 ஆயிரத்துக்கும் மேல் என்று அவ்வூர்க் கலெக்டர் எழுதினார். வீட்டுத் தொகை மிகையாக இருக்கலாம் என்று மன்றோவே ஐயப்பட்டார். என்றாலும், திண்ணைக்கும் அப்பால் வீட்டுக்குள் தகப்பனும் மாமனும் சொல்லிக்கொடுத்த படிப்பு ஒன்று இருந்ததை அவர் மறுக்கவில்லை. பிற மாவட்டக் கலெக்டர்கள் பலர் அதை எண்ணவே முயலவில்லை. 1983இல் தரம்பால் இந்த ஆவணங்களைத் தொகுத்து வெளியிட்டபின் ஆங்கிலேயருக்கு முந்தைய கல்வியைப் பற்றி இன்றும் ஓயாத வழக்கு ஒன்று தொடங்கியது.

திண்ணையின் உத்தி கடல் கடந்து போனதும் உண்டு. 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த இராணுவ ஆதரவற்ற சிறுவர் காப்பகத்தின் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். அவர் கீழ் வேலை பார்த்த ஆசிரியர்கள் சொன்னதைக் கேட்கவில்லை. ஒருநாள் குதிரையில் போகும்போது வழியில் ஒரு பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். அதையே தம் காப்பகத்தில் புகுத்தினார். பெரிய பையனைக்கொண்டு சின்னவனுக்குக் கற்பிக்கும் முறையும் கூடவே வந்தது. ஊர் திரும்பி 1797இல் அதை ஒரு சிறு நூலாக அச்சிட்டார். ஏழைப் பிள்ளைகளுக்குக் குறைந்த செலவில் பள்ளி நடத்த வழி தேடிக்கொண்டிருந்த இங்கிலாந்துக்கு அது பிடித்துப்போயிற்று. 'சென்னை முறை' என்ற பெயரிலேயே ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. சட்டாம்பிள்ளைக்கு லண்டனில் 'மானிட்டர்' என்று பெயர். பின்னாளில் நம் பள்ளிகளுக்கு அந்தப் பெயரே ஆங்கிலத்தில் திரும்பி வந்தது.

திண்ணை என்பது ஒருவர் வீட்டின் பகுதி. யார் வீட்டுத் திண்ணையில் யார் ஏறலாம் என்பதைச் சாதி முடிவு செய்த காலத்தில், யார் படிக்கலாம் என்பதையும் அதுவே முடிவு செய்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு அங்கே இடம் இருக்கவில்லை. இந்தக் கதவைத் திருநெல்வேலிச் சீமையில் முதலில் அகலத் தள்ளியவை கிறித்தவ மிஷன்கள். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் என்ற மிஷனரி ஊர் ஊராகப் பள்ளி வைத்தார். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சங்கரன்கோவிலுக்குப் பக்கத்திலுள்ள பனவடலிசத்திரமும் சுரண்டையும் திருச்சபைத் தொண்டர் சங்கத்தின் நிலையங்களாக இருந்தன. அச்சடித்த அரிச்சுவடியும் புள்ளி வைத்த மெய்யெழுத்தும் இவ்வூர்ப் பிள்ளைகள் பலருக்கு அந்த வழியாகத்தான் அறிமுகமாயின. அச்சுப் புத்தகத்தில் சொல் பிரிந்து நின்றது. அண்ணாவியின் குரல் இல்லாமலும் ஒருவன் படித்துப் பார்க்கலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது.

திண்ணையில் கற்று முடித்தவன் மேலே படிக்க விரும்பினால் என்ன வழி? இதற்கு இவ்வட்டாரத்திலேயே நல்ல சான்று இருக்கிறது. காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார் சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்துக்காரர். ஊர்த் திண்ணையில் எழுத்துப் படித்தார். அங்கே அண்ணாவிக்குத் தெரிந்தது தீர்ந்ததும், சேற்றூர்ப் பக்கம் தமிழறிந்த பெரியவர்களிடம் போனார். அங்கிருந்து திருவாவடுதுறை மடம். அங்கே இளைஞராக இருந்த உ.வே.சாமிநாதையரிடம் இலக்கணம் கேட்டார். பின்பு ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் இருந்து பாடினார், முப்பது வயதைத் தொடுமுன்பே இறந்தார். அவர் படித்த இடங்களில் எதிலும் வகுப்பு கிடையாது, தேர்வு கிடையாது, சான்றிதழும் கிடையாது. யாரிடம் எது இருக்கிறது என்று விசாரித்து, கால்நடையாகப் போய், அவர் வீட்டில் தங்கி, அவரிடமிருந்த சுவடியைப் படியெடுத்துப் பாடம் கேட்பதுதான் அன்றைய உயர்கல்வி. சாப்பாட்டுக்கு மடமோ ஜமீனோ. ஜமீன்கள் நொடித்தபோது அந்த வழியும் மெல்ல அடைந்துபோனது.

1854இல் வந்த உட் கல்வி அறிக்கைக்குப் பிறகு அரசு மானியம் தரத் தொடங்கியது. திண்ணை அண்ணாவிகளைப் பயிற்சிக்கு வரச்சொன்னார்கள், ஆய்வாளர் வந்து பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்து, தேறிய தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தார். மானியத்துக்கு விதி உண்டு: வருகைப் பதிவேடு, அச்சிட்ட பாடநூல், வகுப்பு வாரியாகப் பிள்ளைகள். முந்திரியும் வீசமும் பாடத்திலிருந்து மெதுவாக உதிர்ந்தன. மேலோட்டமாகப் பார்த்தால் அண்ணாவி வாத்தியாராகி, திண்ணை பள்ளிக் கட்டடமாகிவிட்டது. 1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் அதை உறுதிப்படுத்தியது.

தொழிற்கல்வி மட்டும் நெடுங்காலம் கட்டடத்துக்குள் போகவேயில்லை. சங்கரன்கோவிலும் புளியங்குடியும் நெசவு ஊர்கள். கைத்தறி வீட்டில் பிள்ளைக்கு முதல் பாடம் தார் சுற்றுவது. இராட்டினத்தில் நூலைத் தார்க்குச்சியில் ஏற்ற வேண்டும். இழுப்பு தளர்ந்தால் நாடா ஓடும்போது நூல் சரிந்து சிக்கும், இறுகினால் அறும். எவ்வளவு இறுக்கம் என்று சொல்லிக்கொடுக்க வார்த்தை இல்லை, விரலுக்குத்தான் தெரிய வேண்டும். அடுத்து விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போடும்போது அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போடுவது. பிறகு விழுதில் இழை எடுப்பது, அச்சில் கோப்பது. கடைசியில்தான் குழிக்குள் கால் இறக்கி மிதியில் ஏறுவது. தப்பு நேர்ந்தால் அதைச் சொல்ல ஆசிரியர் வேண்டாம், துணியே காட்டிக்கொடுத்துவிடும். விசைத்தறி வந்தபின் இந்தப் படிகள் பலவும் குறைந்தன. தறியோட்டி பழுது பார்க்கக் கற்பதும் பக்கத்துத் தறிக்காரரைப் பார்த்துத்தான். இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வீட்டில் கற்கும் தொழில் என்பது பல குடும்பங்களில் பள்ளிக்குப் போகாத பிள்ளை என்பதற்கு இன்னொரு பெயராக இருந்தது. தறியும் தீப்பெட்டியும் பீடியும் பிழைப்பான இந்தப் பகுதியில், வேலைக்குப் போன பிள்ளைகளை மீட்டுப் படிக்கவைக்கச் சிறப்பு மையங்கள் தேவைப்பட்டன. 1988இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்துக்குச் சிவகாசிதான் முதல் களங்களில் ஒன்று.

பள்ளிக்கு வெளியே படிக்கிறவனுக்குப் புத்தகம் எங்கிருந்து கிடைக்கும் என்ற கேள்விக்குத் தமிழ்நாடு ஒப்பீட்டளவில் முன்னதாகவே விடை தேடியது. 1931 அக்டோபரில் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூலகம் ஏற்றிச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். எஸ்.ஆர்.ரங்கநாதனின் விடாமுயற்சியால் 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. இந்தியாவில் மாநிலம் ஒன்று இயற்றிய முதல் நூலகச் சட்டம் அது. வீட்டுவரியோடு சேர்த்து வாங்கும் நூலக வரியால் கிளை நூலகங்கள் ஊர்தோறும் வந்தன. சிற்றூர்களில் அவை பெரும்பாலும் வாடகைக் கட்டடத்தில், இரண்டு பெஞ்சும் ஒரு நாளிதழ் மேசையுமாக இருந்தன. ஏளனம் செய்ய எளிது. ஆனால் பள்ளியை முடிக்காத பலருக்கு உலகம் திறந்த இடம் அதுவே. சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, அதே கரிசல் பரப்பில், கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன் உயர்நிலைப் பள்ளியை எட்டாதவர். வாசித்தும் சம்சாரிகளின் பேச்சைக் காதால் வாங்கியும் எழுத்தாளரானவர். கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அவர் ஓர் அகராதியே தொகுத்தார். பிற்காலத்தில் புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது.

பட்டம் வேண்டியவர்களுக்கு 1970களில் தபால்காரர் உதவிக்கு வந்தார். மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தறி ஓட்டிக்கொண்டும் கடையில் நின்றுகொண்டும் படித்தவர்கள், கல்லூரிக்கு அனுப்ப வீட்டார் தயங்கிய பெண்கள், பதவி உயர்வுக்குப் பட்டம் தேவைப்பட்ட ஆசிரியர்கள் எனப் பலதரப்பட்டவர்கள் சேர்ந்தார்கள். பாடம் கட்டுக்கட்டாக வீடு வந்தது. சந்தேகம் கேட்கத்தான் ஆள் இல்லை. ஆண்டுக்கொரு தடவை நடக்கும் சில நாள் நேர்முக வகுப்புக்கு பஸ் ஏறிப் போக வேண்டியிருந்தது. ஏட்டுக் காலத்துச் சிக்கல் தலைகீழாகிவிட்டது: அன்று குரல் இருந்தது, நூல் அரிது, அஞ்சல்வழியில் நூல் கையில், குரல் மதுரையில். அந்த இடைவெளியை நிரப்பியவை ஊருக்கு ஊர் முளைத்த டுடோரியல்கள். பத்தாம் வகுப்பில் தவறியவர்களை மீண்டும் எழுதவைப்பதில்தான் அவை பேர் வாங்கின.

எழுத்தே அறியாத பெரியவர்களைத் தேடிப் போன முயற்சிகளில் அறிவொளி இயக்கத்துக்கு ஈடு வேறில்லை. 1978 அக்டோபர் 2இல் தொடங்கிய தேசிய முதியோர் கல்வித் திட்டம் சம்பளம் பெறும் ஊழியர்களை நம்பியது, பெரும்பாலும் பதிவேட்டிலேயே நடந்தது. அறிவொளி தொண்டர்களை நம்பியது. 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் அமைந்து, எர்ணாகுளத்தில் வெற்றி கண்டபின், 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் மாவட்டம் மாவட்டமாகப் பரவியது. அன்று நெல்லை கட்டபொம்மன் என்ற பெயரிலிருந்த மாவட்டமும் அதில் இறங்கியது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ஆள் திரட்டியது. வீதி நாடகக் குழுக்கள் ஊர் ஊராகப் போயின. ஒரு தொண்டருக்குப் பத்துப் பேர் அளவில், மூன்று பாடநூல், ஏறக்குறைய 200 மணி நேரம் என்பது திட்டம். பாடம் அகர வரிசையில் தொடங்கவில்லை. அன்றாடம் புழங்கும் ஒரு சொல்லை எடுத்து, அதைப் பற்றிப் பேசி, பிறகு எழுத்தாகப் பிரித்தார்கள். பெரியவர்கள் மணலில் 'அ' எழுதக் கூசுவார்கள் என்பது முன்னைய திட்டங்கள் தந்த படிப்பினை.

வகுப்பு நடந்தது மறுபடியும் திண்ணையில்தான், அல்லது தெருவிளக்கடியில், இரவு எட்டு மணிக்கு மேல். இந்த வட்டாரத்தில் வந்து உட்கார்ந்தவர்களில் பலர் பீடி சுற்றும் பெண்கள். மடியில் தட்டு, தட்டில் நறுக்கிய இலையும் தூளும், பக்கத்தில் விரித்த பாடநூல். கை ஓய்ந்தால் ஆயிரத்துக்குக் கிடைக்கும் கூலி குறையும் என்பதால் கண் எழுத்திலும் விரல் இலையிலும் இருக்கும். புகையிலைத் தொழிலுக்கும் படிப்புக்கும் வேறிடங்களில் நல்ல உறவு இருந்திருக்கிறது. கியூபாவின் சுருட்டு ஆலைகளில் 1865 முதல் ஒருவர் மேடையில் அமர்ந்து நாளிதழும் நாவலும் உரக்க வாசிப்பார், தொழிலாளர்கள் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். வாசிப்பவருக்குக் கூலி அவர்களே கொடுத்தார்கள். கண்ணூர்ப் பீடிக் கூடங்களிலும் ஒருவர் பத்திரிகை வாசிக்க, அவர் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக்கொடுக்கும் வழக்கம் இருந்தது. அங்கெல்லாம் பலர் ஒரே கூரைக்கடியில் உட்கார்ந்தார்கள். நெல்லை, தென்காசிப் பக்கம் பீடி வீட்டுக்கு வீடு பிரிந்து கிடந்த வேலை. சேர்ந்து உட்கார இடமே இல்லாதவர்களை ஒரு மணி நேரமாவது சேர்த்து உட்காரவைத்ததுதான், எண்ணிக்கையில் வராத அறிவொளியின் சாதனை. இலையைக் குறைத்து நிறுத்துத் தரும் கணக்கைப் படித்துப் பார்க்கவும், பாஸ்புத்தகத்தில் கையெழுத்துப் போடவும் பெண்கள் கேட்டார்கள். ச.தமிழ்ச்செல்வன் நெல்லை அறிவொளியில் பணியாற்றிய அனுபவங்களை 'இருளும் ஒளியும்' என்ற நூலாக எழுதியிருக்கிறார். தொண்டர்கள் கற்றுக்கொடுக்கப் போய்க் கற்றுக்கொண்டு திரும்பியதுதான் அதில் அதிகம். இயக்கம் ஓய்ந்தபின் புதிதாக எழுத்தறிந்தவர்களுக்கு வாசிக்க எளிய புத்தகங்கள் தொடர்ந்து வரவில்லை. பலருக்குக் கையெழுத்து மட்டும் நின்றது.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடப்பட்டபோது, பள்ளிக்கு வெளியே எப்படிக் கற்பிப்பது என்ற கேள்வி ஒரே நாளில் எல்லா வீட்டுக்கும் வந்தது. 2019 ஆகஸ்டில் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி கைகொடுத்தது. திறன்பேசி உள்ள வீட்டில் பிள்ளைகள் அதைப் பங்கு போட்டார்கள், இல்லாத வீட்டில் படிப்பு நின்றது. 2021 அக்டோபர் 27இல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள், ஒன்று முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகள், ஒரு தன்னார்வலரிடம் அதிகம் போனால் இருபது பேர். தொடக்க வகுப்புக்குப் பிளஸ் டூ, மேலே பட்டம் என்பது தன்னார்வலருக்கான தகுதி, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. சுமார் 2 லட்சம் பேர் சேர்ந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். படித்துவிட்டு, திருமணமாகி வீட்டிலிருந்தவர்கள் பலர். அஞ்சல்வழியில் பட்டம் வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தவர்களும் அதில் உண்டு.

பாட்டு, கதை, விளையாட்டு என்று கற்பிக்கக் கையேடும் அட்டைகளும் வந்தன. ஐயம் கேட்க வாட்ஸ்அப் குழு. வீட்டு வாசலில் கரும்பலகைக்கு இடம் இல்லாதவர்கள் கதவிலேயே எழுதினார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்த ஓர் ஆய்வு, பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது என்றும், மீண்டதில் ஏறத்தாழ கால் பங்குக்கு இத்திட்டம் காரணம் என்றும் கணித்தது. பள்ளிகள் முழுமையாக இயங்கத் தொடங்கியபின் திட்டம் தொடக்க வகுப்புகளின் பக்கம் ஒதுக்கப்பட்டு, மையங்களின் எண்ணிக்கையும் தன்னார்வலர்களின் எண்ணிக்கையும் குறைக்கப்பட்டன. விலக்கப்பட்டவர்களில் சிலர், அதே வாசலில், அதே மாலை நேரத்தில், தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கத் தொடங்கினார்கள். கட்டணம் பிள்ளையின் வீட்டிலிருந்து.